முறிந்த தகட்டின் மறுபாதி

ரஷ்யாவிலும் உக்ரைனிலும் பெலாரூஸிலும் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது, சாலைக்கு மண் வெட்டும்போது, இன்றும் எலும்புகள் கிடைக்கின்றன. எலும்புகளோடு சில நேரம் ஒரு தகடும் கிடைக்கும். முட்டை வடிவம். உள்ளங்கைக்குள் மறைந்துவிடும் அளவு. துத்தநாகம் அல்லது அலுமினியம். குறுக்கே நடுவில் வரிசையாக நீளத் துளைகள். மேல்பாதியில் என்ன பொறித்திருக்கிறதோ அதுவே கீழ்ப்பாதியிலும் பொறித்திருக்கும்.

இரண்டாம் உலகப் போரில் ஒவ்வொரு ஜெர்மன் வீரனும் கழுத்தில் கட்டியிருந்த அடையாளத் தகடு இது. அவன் செத்தால் துளைவரிசையில் தகட்டை முறிக்க வேண்டும். ஒரு பாதி உடலோடு குழிக்குப் போகும். மறுபாதி சாவுச் செய்தியோடு அலுவலகத்துக்குப் போகும். எனவே மண்ணுக்குள்ளிருந்து முழுத் தகடு கிடைத்தால் அதைக் கையில் எடுப்பவருக்கு நெஞ்சு ஒருகணம் நிற்கும். அந்த உடலை முறையாக அடக்கம் செய்ய அன்றைக்கு யாருக்கும் நேரமில்லை. அவன் செத்ததை எழுதி அனுப்பவும் பெரும்பாலும் ஆள் இருந்திருக்காது.

தகட்டில் பெயர் கிடையாது. ஊர் கிடையாது, பிறந்த தேதி கிடையாது. ‘2-ஆம் கம்பெனி, 19-ஆவது காலாட்படை நிரப்புப் பட்டாலியன், எண் 347, இரத்த வகை ஏ’ என்பதுபோல ஒரு சுருக்கக் குறிப்பு, அவ்வளவுதான். அதிலும் ஒரு சிக்கல். அந்தப் பட்டாலியன் அவன் செத்தபோது இருந்த பிரிவு என்று சொல்ல முடியாது. படையில் சேர்ந்த முதல் வாரங்களில் தகட்டைக் கொடுத்த பயிற்சிப் பிரிவின் பெயர் அது. பிறகு அவன் எங்கெங்கோ மாற்றப்பட்டிருப்பான். தகடு மட்டும் மாறாது. அந்த 347 யார் என்று தெரிய வேண்டுமானால் எங்கோ ஒரு பட்டியல் இருந்தாக வேண்டும்.

இருக்கிறது. அது இருப்பதுதான் இந்தக் கதையின் முதல் வியப்பு.

1939 ஆகஸ்ட் 26. போலந்துமீது ஜெர்மனி பாய்வதற்கு ஆறு நாள் இருந்தது. அன்றைக்கே பெர்லினில் ஓர் அலுவலகம் திறந்தாயிற்று. போர் இழப்புகளுக்கும் போர்க் கைதிகளுக்குமான தகவல் அலுவலகம். ஜெர்மன் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘வாஸ்ட்’ என்பார்கள். சாவைக் கணக்கெழுதும் மேசையைப் போட்டுவிட்டுத்தான் போருக்குப் போனார்கள். ஒவ்வொரு பிரிவும் யார் யாருக்கு எந்த எண் தகடு கொடுத்தது, யார் வந்தார், யார் போனார், யார் காயம்பட்டார், யார் காணவில்லை என்று பட்டியல் போட்டு வாஸ்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பனிக்குள் பதுங்கு குழியில் உட்கார்ந்தும் எழுத்தர்கள் அதைச் செய்தார்கள். விளைவு, 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர் அட்டைகள். தகட்டுப் பட்டியல்களையும் மாற்ற அறிக்கைகளையும் எண்ணினால் பதிவுகள் 10 கோடி அளவுக்குப் போகும்.

இந்தக் காகித மலையும் போரில் அலைந்தது. பெர்லினில் குண்டு விழத் தொடங்கியதும் 1943-இல் துரிங்கியா மாநிலத்தின் சிறு நகரங்களுக்கு மாற்றினார்கள். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை அங்கே வந்து கைப்பற்றியது. துரிங்கியா சோவியத் கைக்குப் போகவிருந்ததால் அட்டைகள் மறுபடியும் வண்டியேறி காஸல் நகருக்கு அருகே போயின. 1946-இல் பிரெஞ்சு நிர்வாகத்தின்கீழ் பெர்லினுக்கே திரும்பின. பிறகு பல பத்தாண்டுகள் அவை நகரின் வடக்கே ஐஷ்போர்ன்டாம் தெருவில், ஒரு பழைய ஆயுதத் தொழிற்சாலைக் கட்டடத்தில் இருந்தன. துப்பாக்கியும் தோட்டாவும் செய்த கூரையின்கீழ், அவற்றால் செத்தவர்களின் பெயர்கள். 2019 ஜனவரி 1 முதல் அந்த அலுவலகம் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக்காப்பகத்தின் ஒரு பிரிவு. எழுதிக் கேட்டால் இன்றும் பதில் வரும். தாமதமாக வரும், ஆனால் வரும்.

அட்டை சொல்வது எலும்புக்கூடு மட்டும். சதை வேண்டுமானால் வீரன் சட்டைப்பையில் சுமந்த புத்தகத்துக்குப் போக வேண்டும்.

அதன் பெயர் ஸோல்ட்பூக். ‘ஸோல்ட்’ என்றால் படைச் சம்பளம், ‘பூக்’ புத்தகம். தடித்த அட்டை போட்ட 24 பக்கக் கையேடு. முகப்பிலேயே ‘இதுவே அடையாளச் சீட்டும் ஆகும்’ என்று அச்சடித்திருக்கும். மூட்டையில் வைக்கக் கூடாது, எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் இன்று கிடைக்கும் கையேடுகளில் பல, மார்புப் பையின் வளைவுக்கு ஏற்ப வளைந்திருக்கின்றன. வியர்வைக் கறை, மழைநீர் ஊறிப் பரவிய மை, சிலவற்றில் இரத்தம்.

ஒரு மாதிரிக் கையேட்டைத் திறப்போம். ஆள் கற்பனை, பக்கங்கள் உண்மையில் இருப்பவை. மியூனிக் பக்கத்துத் தச்சன் ஒருவன், 1920-இல் பிறந்தவன் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் பக்கத்தில் அவனுடைய பதவிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றும் கிடைத்த தேதியோடு. தகட்டு எண், இரத்த வகை, வாயு முகமூடியின் அளவு. இரண்டாம் பக்கத்தில் பிறந்த ஊர், மதம், தொழில், உயரம், முக வடிவம், முடி நிறம், கண் நிறம், செருப்பளவு. கீழே அவன் கையெழுத்து. ஒரு மனிதனின் காலடி அளவை 80 ஆண்டு கழித்துப் படிக்கிறோம். அவன் என்ன நினைத்தான், யாரை நேசித்தான் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. செருப்பளவு மட்டும் துல்லியம். இந்தக் கையேட்டை உண்டாக்கிய அரசுக்கு அவனிடம் என்ன வேண்டியிருந்தது என்பது இந்த ஒரு பக்கத்திலேயே விளங்கிவிடுகிறது.

நான்காம் பக்கம்தான் ஆய்வாளர் முதலில் தேடிப் புரட்டும் பக்கம். எந்தப் பயிற்சிப் பிரிவு அவனை அனுப்பியது, எந்தப் போர்முனைப் பிரிவில் இருந்தான், இப்போது அவனுக்குப் பொறுப்பான பிரிவு எது என்று மூன்று பகுதிகள். இடம் மாறும்போது பழைய வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே புதியதை எழுதுவார்கள். அடித்த வரிகளை வரிசையாகப் படித்தால் அவன் போன பாதை தெரியும். நம் தச்சன் 19-ஆவது காலாட்படை ரெஜிமென்டில் இருந்தான் என்றால் அது மியூனிக் ரெஜிமென்ட். 7-ஆவது காலாட்படை டிவிஷனைச் சேர்ந்தது. 1941-இல் மின்ஸ்க், ஸ்மோலென்ஸ்க் வழியாக மாஸ்கோவை நோக்கி நடந்த டிவிஷன். இரண்டு எண்களிலிருந்து ஒரு கண்டத்தின் குறுக்கே ஒரு கோடு விரிகிறது.

ஐந்தாம் பக்கத்தில் உறவினர் முகவரி. முதலில் தாய் தந்தை பெயர். நடுவில் எப்போதோ வேறு மையில் மனைவி பெயர். இடையில் கல்யாணம் ஆயிற்றா என்று கையேட்டில் தனியாகக் கேட்கவே வேண்டாம்.

அதன்பின் துணிமணிக் கணக்கு. காலுறை எத்தனை, போர்வை எத்தனை, எந்தத் துப்பாக்கி, அதன் எண் என்ன. பொறுமையில்லாதவர்கள் தாண்டிப் போய்விடும் பக்கங்கள் இவை. தாண்டக் கூடாது. மருத்துவமனைக்குப் போய்த் திரும்பியவனுக்குப் புது உடுப்பு கொடுத்த தேதியும் முத்திரையும், வேறெங்கும் எழுதப்படாத ஓர் ஊரில் அவன் இருந்ததைக் காட்டிக்கொடுத்துவிடும். தடுப்பூசிப் பக்கமும் அப்படித்தான். அம்மை, டைபாய்டு, வயிற்றுக்கடுப்பு, காலரா. ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, ஒரு மருத்துவரின் கையெழுத்து. ஒரே நாளில் ஒரே கையெழுத்து இருபது பேர் கையேட்டில் இருந்தால் அந்த இருபது பேரும் அன்று ஒரே வரிசையில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

மருத்துவமனைப் பக்கங்களில் நோயின் பெயர் இருக்காது, எண் இருக்கும். எந்த எண் எந்த நோய் என்று தனிப் பட்டியல் உண்டு. குண்டுக் காயமா, உறைபனியில் வெந்த விரலா, மஞ்சள் காமாலையா என்பது அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. கடைசிப் பக்கங்களில் விடுப்பு. அங்கே அடிக்கடி கண்ணில் படும் ஒரு முத்திரை உண்டு: ‘பேன் நீக்கப்பட்டது’. கிழக்கு முனையில் உடல் பேன் வழியாக டைஃபஸ் காய்ச்சல் பரவியது. அங்கிருந்து வீட்டுக்குப் போகிறவன் ஆடையையும் உடம்பையும் பேன் நீக்கிய சான்று இல்லாமல் போக முடியாது. அந்தச் சிறு முத்திரை, தேதியோடு, அவன் கிழக்கிலிருந்து வெளியேறிய நாளைச் சொல்கிறது. மற்ற பக்கங்கள் எல்லாம் தொலைந்து அந்த ஒரு பக்கம் மட்டும் மிஞ்சினாலும் போதும், ஒரு முடிச்சு அவிழும்.

பதக்கப் பக்கத்தை அலங்காரமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. அது ஒரு நாட்காட்டி. ‘கிழக்குக் குளிர்காலப் போர்’ பதக்கம் 1942 மே மாதம் நிறுவப்பட்டது. 1941 நவம்பர் 15-க்கும் 1942 ஏப்ரல் 15-க்கும் இடையில் அங்கே இருந்தவர்களுக்கு மட்டும். வீரர்களே அதற்கு ‘உறைந்த கறிப் பதக்கம்’ என்று பெயர் வைத்தார்கள். காலாட்படைத் தாக்குதல் சின்னம் வேண்டுமானால் மூன்று வெவ்வேறு நாட்களில் மூன்று தாக்குதலில் முன்வரிசையில் போயிருக்க வேண்டும். காயச் சின்னம் கறுப்பு என்றால் ஒன்றிரண்டு காயம். வெள்ளி என்றால் மூன்று நான்கு. பொன் என்றால் ஐந்தும் அதற்கு மேலும். ஆக மூன்று சின்னங்களின் பெயரும் தேதியும் இருந்தால், அந்த மனிதன் ஒரு குளிர்காலத்தை எப்படிக் கழித்தான் என்று பெருமளவு சொல்லிவிடலாம்.

இந்தக் கையேட்டுக்கு ஓர் இரட்டைப் பிறவி உண்டு. அதன் பெயர் வேர்பாஸ். 1935 மார்ச் 16 அன்று ஹிட்லரின் அரசு கட்டாயப் படைச் சேவையை மீண்டும் கொண்டுவந்தது. அதன்பின் இளைஞன் உடல் தகுதிப் பரிசோதனைக்குப் போகும்போது கொடுக்கப்படும் சேவைப் புத்தகம் இது. உள்ளே ஒட்டிய படத்தில் பெரும்பாலும் கோட்டும் டையும் போட்ட பையன். இன்னும் படைவீரன் ஆகாதவன். படைக்கு அழைத்ததும் வேர்பாஸைக் கம்பெனி அலுவலகம் வாங்கி வைத்துக்கொள்ளும். பதிலுக்கு ஸோல்ட்பூக்கைக் கையில் கொடுக்கும். அவன் செத்தால் வேர்பாஸ் வீட்டுக்குப் போகும். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பதிவு அவனுடைய சாவாக இருக்கும். தாயின் கைக்குத் திரும்பி வந்தது அந்தக் கோட்டு டைப் பையனின் படம்தான்.

வேர்பாஸில் ஆய்வாளருக்குக் கிடைக்கும் பெரிய புதையல், அவன் பங்கேற்ற சண்டைகளின் பட்டியல். ‘பியாலிஸ்டாக் - மின்ஸ்க் இரட்டைப் போர்’, ‘வியாஸ்மா - பிரயான்ஸ்க் இரட்டைப் போர்’ என்று தேதிகளோடு. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இதை எழுதியவர் பின்னால் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தர். பிரிவு போன சண்டைகளின் பொதுப் பட்டியலைத்தான் அவர் பெயர்த்தெழுதினார். அதனால் ஸோல்ட்பூக்கின் மருத்துவமனைப் பக்கத்தை அருகில் வைத்துப் படிக்க வேண்டும். வியாஸ்மாவில் சண்டை போட்டதாக வேர்பாஸ் சொல்லும் வாரத்தில், அவன் வார்சாவில் கட்டிலில் படுத்திருந்தான் என்று ஸோல்ட்பூக் சொல்லக்கூடும். இரண்டும் கையில் இருக்கும் ஆய்வாளர் பாக்கியசாலி. ஒன்றே கிடைப்பதுதான் வழக்கம்.

படிப்பதும் எளிதல்ல. 1941 வரை ஜெர்மன் பள்ளிகளில் ஸூட்டர்லின் என்ற கையெழுத்து முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். அதில் ‘எ’ ஒலிக்கான எழுத்து, இன்றைய ‘ன’ ஒலி எழுத்தைப்போலவே இருக்கும். ‘உ’ எழுத்தை வேறுபடுத்த அதன் தலையில் ஒரு வளைகோடு. அந்த ஆண்டில் நாஜி அரசே அதை நிறுத்தியது. அதன்பின் ஒரே கையேட்டில் வயதான எழுத்தர் பழைய முறையிலும் இளைய எழுத்தர் புதிய முறையிலும் எழுதியிருப்பார்கள். இன்றைய ஜெர்மானியர் பலருக்குத் தாத்தாவின் கையெழுத்தைப் படிக்கத் தெரியாது. நம் வீட்டுப் பழைய பத்திரங்களை நாம் படிக்கத் திணறுவதைப்போல, அவர்களும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள்.

போர்முனை முத்திரைகளில் பிரிவின் பெயர் இருக்காது. எதிரி கையில் சிக்கினால் எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடுமே. அதற்காகப் பெயருக்குப் பதில் களத் தபால் எண், ஐந்து இலக்கம். வீட்டுக்கு எழுதிய கடிதத்தின் முதுகிலும் அதே எண்தான். போர் முழுவதும் அப்படிப் போய்வந்த தபால்கள் 3,000 கோடிக்கு மேல் இருக்கும் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. எந்த எண் எந்தக் காலத்தில் எந்தப் பிரிவுக்கு உரியது என்ற பட்டியல் மிஞ்சியிருப்பதால், பரணில் கிடக்கும் ஒரு பழைய கடித உறைகூட இன்று வழிகாட்டுகிறது.

பெயர்களின் மாற்றமே போலியைப் பிடித்துக்கொடுப்பதும் உண்டு. 1942 அக்டோபரில் காலாட்படை ரெஜிமென்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ‘கிரெனடியர் ரெஜிமென்ட்’ என்று பெயர் மாற்றினார்கள். 1941 தேதி போட்ட பதிவில் ‘கிரெனடியர்’ என்று இருந்தால் அந்த மை பின்னால் ஊற்றியது. சேகரிப்பாளர்கள் பெரும் பணம் கொடுப்பதால் சாதாரணக் கையேட்டில் நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படைப் பிரிவின் பெயரையும் அரிய பதக்கத்தையும் சேர்த்தெழுதி விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு செத்த மனிதனின் வாழ்க்கையில் பொய் எழுதிச் சேர்க்கும் இந்த வேலையை நான் சிறிய குற்றமாக எண்ணவில்லை.

இவ்வளவு எழுதி வைத்தும் பெரும்பகுதி போய்விட்டது. ஒவ்வொரு வீரனுக்கும் சொந்த மாவட்டத்துப் படை அலுவலகத்தில் ஒரு முழுக் கோப்பு இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை போரின் முடிவில் அழிந்தன. 1945 ஏப்ரல் 14 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் போட்ஸ்டாம் நகரில் குண்டு போட்டபோது அங்கிருந்த தரைப்படை ஆவணக்காப்பகம் எரிந்தது. அதில் முதல் உலகப் போரின் பிரஷ்யப் படை வீரர்கள் பதிவுகளும் சாம்பலாயின. பவேரியா தன் படைப் பதிவுகளை மியூனிக்கில் தனியாக வைத்திருந்ததால் அவை தப்பின. ஆகவே 1914-இல் போருக்குப் போன இரண்டு கொள்ளுத்தாத்தாக்களில் பவேரியாக்காரரின் ஒவ்வொரு இடமாற்றமும் இன்று தெரியும். பெர்லின்காரரைப் பற்றி ஒரு வரி கிடைப்பதே அரிது.

இதற்கு நேர்மாறான ஒரு தப்பிப்பும் உண்டு. நாஜிக் கட்சியின் உறுப்பினர் அட்டைகளை 1945-இல் மியூனிக் அருகே ஒரு காகித ஆலைக்கு அனுப்பினார்கள், கூழாக்கச் சொல்லி. ஆலைக்காரர் கூழாக்காமல் மறைத்து வைத்தார். ஒரு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் அப்படி மிஞ்சின. ஒரு வீரனைப் பற்றித் தேடுபவர் இன்று அந்த அட்டைகளையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்.

பிரிவு தெரிந்துவிட்டது, தேதிகள் தெரிந்துவிட்டன. அந்த நாட்களில் அந்தப் பிரிவு என்ன செய்தது? இதற்குப் போர் நாட்குறிப்புகளைப் படிக்க வேண்டும். டிவிஷன்களும் அதற்கு மேலிருந்த தலைமையகங்களும் நாள்தோறும் எழுதி வைத்தவை. இவற்றைக் கைப்பற்றிய அமெரிக்கர்கள் கப்பலேற்றி வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்ட்ரியா நகருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு பழைய டார்பிடோ தொழிற்சாலையில் வைத்து ஆயிரக்கணக்கான சுருள்களில் நுண்படம் எடுத்தார்கள். பிறகு மூல ஆவணங்களைப் படிப்படியாக ஜெர்மனிக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று அவை ஃப்ரைபுர்க் நகரின் இராணுவ ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. காலையில் எத்தனை டிகிரி குளிர், எந்தக் கிராமத்தைப் பிடித்தார்கள், எத்தனை பேர் இழப்பு, குதிரைகளுக்குத் தீனி உண்டா என்பதெல்லாம் அதில் கிடைக்கும். நம் தச்சன் பெயர் கிடைக்காது. ஒரு டிவிஷன் என்பது 15,000 பேருக்கு மேல். அதன் நாட்குறிப்பில் சிப்பாய் பெயர் வராது. ரெஜிமென்ட் அளவில் எழுதிய குறிப்புகளோ பெரும்பாலும் அழிந்துவிட்டன. கையேடு ஆளைக் காட்டும், நிகழ்ச்சியைக் காட்டாது. நாட்குறிப்பு நிகழ்ச்சியைக் காட்டும், ஆளைக் காட்டாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் ஆய்வாளர் வேலை செய்கிறார்; அங்கேதான் பொய்யும் குடியிருக்கிறது.

அந்த இடைவெளியில் நாற்பது ஆண்டு குடியிருந்த ஒருவர் குர்ட் வால்ட்ஹைம். ஆஸ்திரியர். 1972 முதல் 1981 வரை ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலர். 1941 டிசம்பரில் ரஷ்ய முனையில் காலில் காயம்பட்டேன், பிறகு சட்டம் படிக்க வியன்னா திரும்பினேன் என்பது அவர் சொல்லிவந்த கதை. காயம்பட்டது உண்மை. சட்டத்தில் டாக்டர் பட்டம் 1944-இல் வாங்கியதும் உண்மை. நடுவில் இருந்த ஆண்டுகள்தான் காணவில்லை. 1986-இல் அவர் ஆஸ்திரியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது, ‘புரோஃபில்’ இதழ் அவருடைய படைப் பதிவு அட்டையின் விவரத்தை வெளியிட்டது. நாஜி அமைப்பான எஸ்.ஏ.வின் குதிரைப் பிரிவோடு தொடர்பு இருந்ததாக அட்டை சொன்னது. தொடர்ந்து வேறு தாள்கள் வெளிவந்தன. காயம் ஆறியபின் அவர் பால்கன் பகுதிக்குப் போய், கிரேக்கத்தின் தெசலோனிகி அருகே ஒரு படைக்குழுத் தலைமையகத்தில் உளவுத் தகவல் பிரிவில் அதிகாரியாக இருந்திருக்கிறார். அந்தத் தலைமையகம் கொரில்லாப் போராளிகளுக்கு எதிரான கொடிய நடவடிக்கைகளை நடத்தியது. அந்த ஆண்டுகளில்தான் தெசலோனிகியின் யூதர்கள் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். 1942-இல் யூகோஸ்லாவியாவின் கோசாரா மலைப்பகுதியில் நடந்த நடவடிக்கையை ஒட்டி, குரோஷிய அரசின் பதக்கம் பெற்றவர்கள் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது.

தேர்தலில் அவர் வென்றார். 1987-இல் அமெரிக்கா தன் நாட்டுக்குள் நுழையத் தடை போட்டது. 1988-இல் பன்னாட்டு வரலாற்றாளர் குழு, அவர் தனிப்பட்ட முறையில் குற்றம் செய்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. நடந்தவற்றை அறிந்திருந்தார், அறிந்ததை மறைத்தார் என்றும் சொன்னது. தாள் எதுவரை பேசும், எங்கே நின்றுவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரியவில்லை.

நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் குன்டர் கிராஸ் கதை வேறு மாதிரி. 2006 ஆகஸ்டில், 78 வயதில், தன் நினைவுக் குறிப்பு நூல் வெளிவரும் நேரத்தில், போரின் கடைசி மாதங்களில் தான் வாஃபன் எஸ்.எஸ். படையில் இருந்ததை அவர் வெளியே சொன்னார். அப்போது அவருக்கு வயது 17. ஜெர்மனி அதிர்ந்தது, நாஜிக் காலத்தைப் பற்றி நாட்டுக்கே மனசாட்சியாகப் பேசிவந்தவர் அவர். சில நாட்களில் இன்னொன்று வெளிவந்தது. அமெரிக்கர்கள் அவரைக் கைதியாகப் பிடித்தபோது நிரப்பிய படிவங்களில் அவர் எஸ்.எஸ். டிவிஷனின் பெயர் இருந்தது. அந்தத் தாள்கள் பல பத்தாண்டுகளாக அதே பெர்லின் அலுவலகத்தில், அந்தப் பழைய ஆயுதத் தொழிற்சாலையில் இருந்திருக்கின்றன. அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பலர். ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

பெரிய மனிதர்களை விடுவோம். இந்த வேலையில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் பேரப்பிள்ளைகள். தாத்தா வீட்டில் பேசவில்லை. பேசியிருந்தால் குளிரைப் பற்றி, பசியைப் பற்றி, ரஷ்யச் சிறையைப் பற்றிப் பேசியிருப்பார். 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நூலின் தலைப்பே ‘தாத்தா நாஜி அல்ல’ என்பது. குடும்பங்களில் கதை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது தாத்தா எப்படி மெல்ல மெல்ல நல்லவராகிறார் என்பதை அது காட்டியது. அன்பினால் நடக்கும் பொய் அது. யாரும் திட்டமிட்டுச் சொல்வதில்லை.

அதனால்தான் பக்கங்களில் வரும் சில சொற்களை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. ‘கும்பல் ஒழிப்பு’ என்ற பதிவு வரும். 1944 ஜனவரியில் இதற்கென்றே ஒரு சின்னம்கூட உண்டாக்கினார்கள். கொள்ளைக் கும்பலைப் பிடித்த காவல் வேலைபோல அது காதில் விழுகிறது. பெலாரூஸில் அந்தச் சொல்லுக்குக் கீழே எரிந்த கிராமங்கள் இருக்கின்றன. 1943 மார்ச் 22 அன்று கத்தின் என்ற கிராமத்தின் மக்களைக் குழந்தைகளோடு ஒரு களஞ்சியத்துக்குள் அடைத்துத் தீ வைத்தார்கள். இன்னொரு சொல் ‘கமிசார்’. பிடிபடும் சோவியத் அரசியல் அதிகாரிகளை உடனே சுட வேண்டும் என்று 1941 ஜூன் 6 அன்று உத்தரவு போனது. போருக்குப் பின் தளபதிகள் பலர், அந்த உத்தரவை நாங்கள் நிறைவேற்றவில்லை என்று சொல்லிவந்தார்கள். அவர்களுடைய உளவுப் பிரிவு அறிக்கைகளையே வரலாற்றாளர்கள் எடுத்துப் படித்தபோது, பெரும்பாலான டிவிஷன்களின் தாள்களில் சுட்டவர்களின் எண்ணிக்கை எழுதியிருந்தது. ஜெர்மன் கையில் சிக்கிய சோவியத் கைதிகளில் சுமார் 30 லட்சம் பேர் பசியாலும் நோயாலும் துப்பாக்கியாலும் செத்தார்கள். அவர்களின் செருப்பளவை யாரும் எழுதி வைக்கவில்லை.

நம் தச்சன் கையேட்டில் 1943-இல் மூன்று வாரம் ‘கும்பல் ஒழிப்பு’ இருந்தால் அவன் தீ வைத்தான் என்று சொல்ல முடியுமா? முடியாது. வைக்கவில்லை என்று சொல்ல முடியுமா? அதுவும் முடியாது. அந்த மூன்று வாரத்தில் அவன் பிரிவு எந்தக் கிராமத்தில் இருந்தது, அந்தக் கிராமத்துக்கு என்ன ஆயிற்று என்பது வரை போகலாம். அதற்கு மேல் கதவு மூடியிருக்கிறது. மூடிய கதவின் முன்னால் நின்று, உள்ளே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது என்று எழுதுவது ஆய்வல்ல.

இதே அட்டைகளை மொத்தமாகப் பார்த்தால் வேறொரு காட்சி. வரலாற்றாளர் ருடிகர் ஓவர்மன்ஸ் பெர்லின் அட்டைகளிலிருந்து மாதிரி எடுத்துக் கணக்கிட்டு 1999-இல் வெளியிட்டார். செத்த ஜெர்மன் வீரர்கள் சுமார் 53 லட்சம். அதுவரை நம்பிவந்த கணக்கைவிட அதிகம். 1945 ஜனவரியில், ஒரே மாதத்தில், 4,50,000-க்கு மேல். போர் எப்போதோ தோற்றுவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தபின் செத்தவர்கள் இவர்கள். அந்த மாதங்களில் படையின் சொந்தக் கணக்கே குலைந்துபோயிருந்தது; எழுத்தர்களும் செத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு எண்ணாமல் விட்டதை அரை நூற்றாண்டு கழித்து அட்டைகள் எண்ணிக் கொடுத்தன.

எண்ணியும் முடியாத பேர் இன்னும் இருக்கிறார்கள். ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கம் 1950-களில் காணாமல் போனவர்களின் படப் பட்டியல்களை அச்சிட்டது. 225 தொகுதிகள், 14 லட்சம் பெயர், 9 லட்சம் படம். சிறையிலிருந்து திரும்பி வந்தவர்களிடம் காட்டி, இவரைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். ஸ்டாலின்கிராட் என்று அன்று அழைக்கப்பட்ட வோல்கோகிராட் அருகே, ரொசோஷ்கா கல்லறைத் தோட்டத்தில் பெரிய கிரானைட் கட்டைகள் நிற்கின்றன. உடல் கிடைக்காத ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அவற்றில் செதுக்கியிருக்கின்றன. ஜெர்மன் போர்க் கல்லறைச் சங்கம் 1990-களிலிருந்து கிழக்கு ஐரோப்பாவில் தோண்டி எடுத்து மறு அடக்கம் செய்தவர்கள் சுமார் 10 லட்சம். எலும்போடு தகடு கிடைத்தால் அதன் எண் பெர்லினுக்குப் போகும். பட்டியலில் 347-க்கு நேரே ஒரு பெயர் இருக்கும். அதன்பின் ஏதோ ஒரு வீட்டுக்குக் கடிதம் போகும். 80 ஆண்டு தாமதமான கடிதம். அப்பாவைப் பார்த்தேயிராத ஒரு மகள், 80 வயதைத் தாண்டியவள், அதைப் பிரித்துப் படித்ததும் உண்டு.

ஜெர்மனியில் வாழும் நம்மவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தைகளில் இந்தக் கையேடுகளைப் பார்த்திருப்பார்கள். பழைய கரண்டிகளுக்கும் அஞ்சல் அட்டைகளுக்கும் நடுவில், முகப்பிலுள்ள ஸ்வஸ்திகாமேல் காகிதம் ஒட்டிக் கிடக்கும். அந்தச் சின்னத்தை வெளியே காட்டுவது அங்கே சட்டப்படி குற்றம். அப்படி ஒன்று கைக்கு வந்தால் படத்தை மட்டும் பிய்த்தெடுக்காதீர்கள். அட்டை முதல் அட்டை வரை எல்லாப் பக்கத்தையும் படமெடுங்கள். பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், தகட்டு எண் நான்கையும் தனியே குறித்து வையுங்கள். ஆவணக்காப்பகம் தேடத் தொடங்குவதற்கு அவை வேண்டும். வெற்றுப் பக்கங்களையும் விடாமல் எடுங்கள். விடுப்புப் பக்கத்தில் எழுத்தே இல்லை என்றால், அவன் ஒருமுறைகூட வீட்டுக்குப் போகாமல் இருந்திருக்கலாம்.